குந்துர் தண்ணீர்

பவுல்சாமி மாஸ்டருக்கு ஞாபகம் போனதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவருடைய மனைவி டெல்பின் அக்காதான். இப்படிப் பச்சையாக எழுதினால் சாந்தோமில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் மாஸ்டரிடம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் அவர் வீட்டுக்குக் கீழே பிகோ மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். அவர்களுக்குப் பள்ளிக்கூடம் தெரியும், எனக்கு வீடு தெரியும்.

எங்கள் காம்பவுண்டு, பெரிய ரோட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்குகிற சந்தில் இருக்கிறது. மாடியில் அவர்கள், கீழே என் கடை. தி.நகர் ஜவுளிக்கடைகளிலிருந்து புடவைகள் மூட்டை மூட்டையாக வரும். ஓரம் அடிப்பது நான். ஃபால்ஸ் வைத்துக் கையால் தைப்பது டெல்பின் அக்கா. சும்மா இல்லை அந்த வேலை. பட்டில் ஊசி ஓர் இழைக்கு மேல் பிடிக்கக்கூடாது, மேல் பக்கம் தையல் தெரியவே கூடாது. உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கை வேர்த்துப் புடவையில் கறை பட்டால் கடைக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அக்கா தைத்த புடவை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தக் கையைத்தான் மாஸ்டர் நீட்டச் சொல்வார்.

மாஸ்டர் பங்குப் பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார். தப்புச் செய்த பையனைக் கத்தி விரட்டுகிற வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. சட்டைக் கையை மடித்துவிட்டு, மெதுவாக, "கைய நீட்டு" என்பார். வீட்டிலும் அதே சட்டம். குடிகாரர் என்றாலாவது குடியைத் திட்டலாம். அவர் பீடிகூடப் பிடிக்காதவர். காலைப் பூசைக்குப் போய்ச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டு வருவார். வந்து பார்த்தால் குழம்பில் உப்புக் கூடியிருக்கும், அல்லது வேட்டி மடிப்புக் கோணியிருக்கும். "கைய நீட்டு." அக்கா நீட்டுவாள். மாடியிலிருந்து பட், பட் என்று சத்தம் வரும். ஐயோ என்று ஒரு குரல் வராது. கொஞ்ச நேரத்தில் அக்கா கீழே இறங்கி வந்து, ஊசியை இடது கையில் பிடித்துத் தைக்க உட்காருவாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அன்றைய கணக்குத் தெரியும்.

இப்படியே போய்க்கொண்டிருந்த வீட்டில் மறதி வந்தது. முதலில் கண்ணாடியைத் தேடினார், பிறகு தெருவைத் தேடினார். ஒருநாள் லூப் ரோட்டில் மீன் விற்கிற பெண்களிடம் போய் நின்று, "என் வீடு எதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். அவர்கள்தான் கூட்டி வந்து விட்டார்கள். பெரிய டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, இதற்குக் குணம் என்று ஒன்று இல்லை, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் அவர் பையனாகிவிட்டார். நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ, அந்த வயசு. டெல்பின் அக்கா அவருக்கு டீச்சர்.

"டீச்சர், ஒண்ணுக்குப் போயிட்டு வரலாமா?" என்று ஒரு விரலைத் தூக்குவார்.

"போயிட்டு வா கண்ணு. கதவ தாப்பாப் போடாத."

குளிப்பாட்டிவிட்டால் "தேங்க் யூ டீச்சர்." சாப்பாடு ஊட்டினால் ஒவ்வொரு வாய்க்கும் தலையாட்டல். பிஸ்கட் கொடுத்தால் பாதியை உடைத்து அக்காவிடம் நீட்டுவார். பாதி பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா என்னிடம் வந்து சொன்னாள்:

"சரோ, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்தாளு எனுக்குன்னு ஒண்ணு குடுத்தது இதான்டி."

பீத்துணி அலசுவது, ராத்திரி எழுந்து பாய் மாற்றுவது, ஓடப் பார்க்கிறவரைப் பிடித்து உட்கார வைப்பது என்று வேலை இடுப்பை ஒடித்தது. ஆனாலும் அக்கா முகத்தில் சதை வைத்தது. தைக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். நெத்திலி வாங்கி வந்து வாய்க்கு ருசியாகக் காரம் போட்டு வறுத்தாள். மாஸ்டர் காலத்தில் அந்த வீட்டில் காரம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் "பாவம் டெல்பினு" என்று உச்சுக்கொட்டும்போதெல்லாம் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். எனக்குத்தான் சிரிப்பு வரும்.

மகன் ரொனால்டு கே.கே. நகரில் இருக்கிறான். கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். நல்ல பிள்ளை, அதை மறைக்கக்கூடாது. வெறுங்கையோடு வந்ததில்லை. அப்பா அவனைப் பார்த்து "அண்ணே, நீங்க யாரு?" என்று கேட்டதும் என் கடை வாசலில் வந்து நின்று கேவிக் கேவி அழுதான்.

"ஆன்ட்டி, எங்கப்பா நடந்து வந்தா தெருவே ஒதுங்கி நிக்கும். அவரப் போயி இப்டி விரல தூக்கிக்கினு நிக்க வெச்சிட்டாரே ஆண்டவரு."

அவனோடு வேலை செய்யும் ஹம்மாதுடைய அப்பா ஹபீபுர் ரஹ்மான், ராயப்பேட்டையில் யுனானி ஹக்கீம். பாரசீக மொழியில் எழுதின பழைய கிதாபுகளைப் படித்து மருந்து கொடுக்கிறவர். இரானில் இந்த மறதி நோய்க்கு அந்தக் காலத்திலிருந்தே மூலிகை உண்டு, இப்போது அங்கே ஆராய்ச்சிகூடச் செய்கிறார்கள் என்று ரொனால்டு போனில் தேடித் தேடிப் படித்தான். ஒரு சனிக்கிழமை அப்பாவை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, இரண்டு பொட்டலங்களோடு திரும்பி வந்தான். என் மெஷின் மேலேயே பிரித்து வைத்தான்.

"இது குந்துர். பாருங்க ஆன்ட்டி, நம்ம கோயில்ல தூபத்துக்குப் போடுற குந்திரிக்கம்தான். ஆனா கோயில் சரக்கு போடக்கூடாதாம், அதுல சென்ட்டு கலக்குறாங்களாம். இது சுத்தம். நைட்டு தண்ணில ஊறப்போட்டு, காலைல வெறும் வயித்துல அந்தத் தண்ணிய குடிக்கணும்."

"இந்தக் காஞ்ச பூவு?"

"உஸ்துகுதூஸ். இரான்லேர்ந்து வருது. இதக் கொதிக்க வெச்சி, தேன் வுட்டு, சாயங்காலம் ஒரு டம்ளர். இது மூளைக்குத் தொடப்பமாம். குப்பையெல்லாம் கூட்டித் தள்ளிடுமாம்."

"கூட்டித் தள்ளுனா அடியில இன்னா கெடந்து வெளிய வரும்னு கேட்டியா?" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது. புடவையிலிருந்து நிமிராமலே தைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து குந்துர் தண்ணீர் முழுக்க மாடிப்படி ஓரத்து ரோஜாத் தொட்டிக்குப் போனது. உஸ்துகுதூஸ் கஷாயமும் அங்கேதான்.

"செடிக்கு ஞாபகம் வந்து பேசப் போவுது பாருக்கா," என்பேன்.

"பேசட்டுமே. அதுக்குக் கை இல்லியே," என்பாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தவக்காலம் வந்து கெடுத்தது. ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இருக்க அந்த வீட்டில் யாருக்கும் மனசு கேட்காது. அக்கா போய்விட்டு வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாக்கா, சாமியார் இன்னா சொன்னாரு?"

"மருந்த கொட்டுறேன்னு சொன்னேன். 'கட்டுன புருசனுக்குக் குடுக்குற மருந்த கொட்டுறது சின்னப் பாவம் இல்லம்மா'ன்னாரு. மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னாரு. அப்புறம், 'இனிமே ஒரு வேளகூட வுடாம உங்க கையால குடுங்க, அதான் உங்களுக்கு அபராதம்'னுட்டாரு."

"ஏன் கொட்டுனேன்னு சொன்னியா?"

"அத எதுக்குச் சொல்லணும்?"

"எதுக்கா? அதானேக்கா விஷயமே!"

"உனுக்குத் தெரியாது சரோ. அங்க அவங்கவங்க பாவத்தத்தான் சொல்லணும். அடுத்தவங்க பாவத்தச் சொல்லக்கூடாது. அடிச்சது அவுரு பாவம். அத அவுருதான் சொல்லணும். கொட்டுனது எம்பாவம். அத நா சொல்லிட்டேன்."

"அவுரு என்னிக்காவது சொல்லியிருப்பாரா?"

அக்கா நூலை எச்சில் தொட்டு ஊசியில் கோத்தாள். "பாவம்னு நெனச்சிருந்தாத்தானடி சொல்றதுக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினை மிதித்து ஊசியை ஒடித்துக்கொண்டேன். எங்கள் சாமிகளிடம் இந்த வில்லங்கம் இல்லை. ஒரு தேங்காயை உடைத்து, கற்பூரத்தைக் காட்டி, நீயாச்சு உன் பிள்ளையாச்சு என்று வந்துவிடலாம். நான் எவ்வளவு சொல்லியும் அக்கா கேட்கவில்லை. சாமியாரிடம் திரும்பப் போய் முழுசாகச் சொல் என்றால், புருஷனைக் காட்டிக்கொடுக்கவா என்றாள். அந்தச் சாமியாரும் மாஸ்டரிடம் படித்தவர்தான். சின்ன வயசில் வாங்கின அடியைப் பிரசங்கத்தில் அவர் பெருமையாகச் சொல்வதும், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பதும் எனக்கே தெரியும். அக்கா சொல்லியிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மருந்து உள்ளே போனது. காலையில் பால் மாதிரி வெளுத்த தண்ணீரை வடிகட்டி டம்ளரில் ஊற்றுவாள். "டீச்சர், கோயில் வாசன வருது," என்று மாஸ்டர் மூக்கைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். அக்கா வாயைத் துடைத்துவிடுவாள். ஒரு வேளை தப்பவில்லை. வயிற்றுவலி என்று சுருண்டு கிடந்த நாளில்கூட எழுந்துவந்து கொடுத்தாள்.

சித்திரை பிறந்து வெயில் ஏறிய பிறகு மாஸ்டர் விரல் தூக்குவது நின்றது. கேட்காமலே எழுந்து போனார். பிஸ்கட்டை முழுசாகத் தின்றார். அக்கா துணி மடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று மடிப்பையே பார்த்தார். "சரோ, பாக்குறாருடி," என்றாள் அக்கா. பார்த்தால் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பார்வை எனக்கும் பழக்கம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தைத்த புடவைகளை வாங்கிக்கொள்ள நான் மாடிக்குப் போயிருந்தேன். அப்பாவும் மகனும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். வஞ்சிரக் குழம்பு. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றினாள். மாஸ்டர் ஒரு வாய் வைத்தார், நிறுத்தினார். தட்டைத் தள்ளிவைத்தார். சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தார்.

"கைய நீட்டு."

பழைய குரல். கொஞ்சமும் மாறாத குரல். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். வலது கையைப் புடவையில் துடைத்து நீட்டினாள். யோசித்து நீட்டினதாகவே தெரியவில்லை, கை அதுவாகவே போனது. மாஸ்டர் தோசைத் திருப்பியை எடுத்து அதன் தட்டையால் உள்ளங்கையில் இரண்டு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஊரே தூங்குகிற நேரம். சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ரொனால்டு எழுந்தான். தடுக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

"டாடி! டாடி! திரும்ப வந்துட்டீங்களா டாடி!" கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. "ஆன்ட்டி, கேட்டீங்களா? அதே கொரலு ஆன்ட்டி! அந்த மருந்து வேல செஞ்சிடுச்சி!"

மஸ்கட்டில் இருக்கும் தங்கை ஜொவிட்டாவுக்கு அப்போதே வீடியோ கால் போட்டான். அவள் அங்கே சோற்றுக் கையோடு ஓடி வந்தாள். அவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"அம்மா, இன்னொரு வாட்டி கைய நீட்டும்மா. ஜொவிட்டா பாக்கணுமாம்."

அக்கா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டேய், நீ மனுசனாடா?" என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் அக்கா நீட்டிவிட்டாள். மஸ்கட்டில் ஜொவிட்டா வாயைப் பொத்திக்கொண்டு ஆனந்தக் கண்ணீர் விட்டாள். என் ஆயுசில் நான் பார்த்த அசிங்கங்களில் அதுதான் பெரிசு.

அதற்கப்புறம் நாள் தவறவில்லை. காலையில் அடிப்பார். சாயங்காலம் கடல் காற்று திரும்பி மாடியில் அடிக்க ஆரம்பித்ததும் அவருக்கு எல்லாம் கலைந்துபோகும். மறுபடி பையனாகி, அக்காவின் வீங்கிப்போன கையைப் பார்த்துப் பதறுவார். எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊதுவார்.

"யாரு டீச்சர் அடிச்சாங்க? சொல்லுங்க, நா மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

அடியை வாங்கிக்கொண்டு அழாதவள், இதைச் சொல்லி என்னிடம் அழுதாள்.

இனிப் பொறுக்க முடியாது என்று நான்தான் அவளை இழுத்துக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போனேன். ஹக்கீமுடைய கடை ஒரு சின்ன அறை. சுவர் முழுக்க டப்பாக்கள், மேஜை மேல் அட்டை கழன்ற கிதாப். ஹபீபுர் ரஹ்மானுக்கு வெள்ளைத் தாடி, மெல்லிய பேச்சு.

"உக்காருங்கம்மா. கையக் குடுங்க, நாடி பாக்கணும்."

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். ஹக்கீம் மணிக்கட்டைப் பிடிக்காமல் அந்த உள்ளங்கையையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அது என் பாவமும் இல்லை, புருஷனும் இல்லை, எனக்கென்ன தடை?

ஹக்கீம் நெற்றியைத் தடவிக்கொண்டார். "தோபா, தோபா. அம்மா, உங்க மகன் போன் பண்ணி அப்பாவுக்கு ஞாபகம் வந்துட்சின்னாரு. நா நம்பல. இந்த மருந்துக்கு அவ்ளோ சக்தி கெடையாதும்மா. கிதாப்ல இன்னா எழுதிக்கீதுன்னா, மறதி ஏறுற வேகத்த கொஞ்சம் புடிச்சி நிறுத்தும், அவ்ளோதான். போனதத் திரும்பக் கொண்டாராது. இந்தக் கோவம் இருக்கே, அதுவும் நோயிதான். நோயி அடுத்த படி ஏறுனா சில பேருக்குக் கை ஓங்குற புத்தி வரும்."

"இல்ல பாய்," என்றாள் அக்கா. "அவருக்கு எல்லாம் ஞாபகம் கீது."

"எப்டிம்மா சொல்றீங்க?"

"எப்பவும் சோத்துக் கையத்தான் நீட்டணும். அது வீங்கிப் போச்சின்னு நேத்து எடது கைய நீட்டுனேன். 'அது இல்ல'ன்னாரு."

ஹக்கீம் கிதாபை மூடி வைத்தார். வெளியே பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கடைசியில், "மருந்த இன்னியோட நிறுத்திடுங்க. எதனாலன்னு எனக்கே புரியல, ஆனா நிறுத்துங்க. மூளை டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போயி, அடிக்கிறாருன்னு வாய் தெறந்து சொல்லுங்க. அவங்ககிட்ட மாத்திரை கீது, கோவத்த அமத்தும். ரொனால்டுகிட்ட நானே பேசறேன்," என்றார்.

பேசினார். அதன் பலன் அன்றைக்குச் சாயங்காலமே வந்து என் கடை வாசலில் நின்றது.

"ஏம்மா அங்க போன?" என்றான் ரொனால்டு. கத்தவில்லை. அவனும் கத்துகிற ஆள் இல்லை. "அப்பாவுக்குக் குணமாவுறது உனக்குப் புடிக்கலியா?"

"ரொனால்டு, மொதல்ல உங்கம்மா கையப் பாருப்பா," என்றேன்.

"பாத்தேன் ஆன்ட்டி. நா வாங்காத அடியா? அந்த அடி மட்டும் இல்லன்னா நா இன்னிக்கி ஆர்பர்ல மூட்ட தூக்கிக்கினு இருப்பேன். ஆபீஸ்ல சேர்ல உக்காந்துகிறேன்னா அது அவரு போட்டது. அம்மாவுக்கும் தெரியும் அது."

"ஹக்கீமே நிறுத்தச் சொல்லிட்டாரேடா."

"அவரு பயப்படுறாரு. இவ்ளோ சீக்கிரம் குணமாவும்னு அவரே நெனைக்கல. அவரு குடுக்கலன்னா போவட்டும், நா ஆன்லைன்ல வாங்கிட்டேன்." அம்மா பக்கம் குனிந்து, தோளில் கைவைத்துச் சொன்னான்: "கொஞ்ச நாளு பொறுத்துக்கம்மா. அவரு முழுசா வர்ற வரைக்கும்தான்."

முழுசா வர்ற வரைக்கும். அந்த வார்த்தைக்கு அக்கா தலையாட்டினாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"உனுக்கு இன்னாக்கா கேடு? பழையபடி தொட்டில கொட்டேன்."

"எப்டிடி கொட்டுவேன்? ஹக்கீமு நிறுத்துன்றாரு. சாமியாரு ஒரு வேளகூட வுடாதன்றாரு. அபராதம்னு குடுத்தத பாதில வுட்டா, கேட்ட மன்னிப்பும் போயிடும்."

"அப்ப சாவு," என்றேன். சொல்லிவிட்டு நானே அழுதேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அந்த வீங்கின கையால்.

ரொனால்டு சும்மா இருக்கவில்லை. அப்பாவுக்கு ஞாபகம் திரும்பியதற்கு கோவிலில் நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்து எழுதிவைத்தான். ஊர் முழுக்கச் செய்தி போனது. என்னையும் வரச் சொன்னார்கள். அக்கா தனியாக இருக்க வேண்டாம் என்று போனேன். எனக்கு அங்கே எப்போது எழ வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும் என்று தெரியாது. அக்காவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். மாஸ்டர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், நிமிர்ந்து, மகனுக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்தார். அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டதும் அந்தக் கைதான்.

"திரு. பவுல்சாமி அவர்கள் நினைவாற்றல் திரும்பப் பெற்றதற்காக, அவருடைய மனைவி டெல்பினும் பிள்ளைகளும் இறைவனுக்குச் செலுத்தும் நன்றித் திருப்பலி" என்று மைக்கில் வாசித்தார்கள். நரைத்த தலைகள் எல்லாம் திரும்பி மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தன. அவரும் தலையை அசைத்தார்.

பூசை பாதி போனபின், ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்றார் சாமியார். எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். மாஸ்டர் மகனைக் கும்பிட்டார். பிறகு டெல்பின் அக்கா பக்கம் திரும்பினார். வெயிலுக்குச் சட்டைக் கை இறுக்கியதோ என்னவோ, கும்பிடுவதற்கு முன்னால் அதைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார்.

அக்கா வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலாக.

மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். கும்பிட எழுந்த கை கீழே இறங்கியது. பெஞ்சு மேல் தடவித் தடவி எதையோ தேடினார். முன்வரிசையில் இருந்த ஒருவர், அவரிடம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும், பாட்டுப் புத்தகத்தைத் தேடுகிறார் என்று நினைத்துத் தன்னுடையதை மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். மாஸ்டர் அதை வாங்கி, முதுகுப் பக்கம் திருப்பிப் பிடித்து, கோவிலுக்குள்ளேயே அந்தக் கையில் ஓங்கி ஒன்று வைத்தார்.

எல்லாத் தலையும் திரும்பியது. அப்புறம் சிரிப்பு. பூசைக்குப் பங்கம் வராத சிரிப்பு, பாசமான சிரிப்பு. "வாத்தியாரு மாறவே இல்லப்பா," என்று யாரோ சொன்னார்கள். பீடத்தில் நின்ற சாமியாரும் குனிந்து சிரிப்பை அடக்குவது தெரிந்தது. ரொனால்டுடைய முகத்தில் அப்படி ஒரு பெருமை. அக்கா கையை மடக்கிக்கொண்டு மாஸ்டரைப் பார்த்து, "சமாதானம்" என்றாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் மாஸ்டரைச் சுற்றிக் கூட்டம். கை குலுக்குகிறவர்களும், போட்டோ எடுக்கிறவர்களும். அக்கா ஒதுங்கி நிழலில் வந்து நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். மந்தைவெளியிலிருந்து பூசைக்கு வரும் மர்சலின் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் புருஷனுக்கும் இதே நோய் என்று எல்லோருக்கும் தெரியும்.

"டெல்பினக்கா, அந்த மருந்து பேரு இன்னாக்கா?"

அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரரு, நல்லா இருந்தப்ப எப்டிம்மா? கை ஓங்குவாரா?"

மர்சலின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இப்ப கொஞ்ச காலமா இல்லக்கா," என்றாள். குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. "பசங்க கேட்டுக்கினு வரச் சொன்னாங்க. சொல்லாம போனா எம்பொண்ணு என்ன வுடாது."

"சோம்பு," என்றாள் அக்கா.

"சோம்பா?"

"ஆமா. சும்மா நம்ம கடைல விக்கிற சோம்பு. தண்ணில போட்டுக் கொதிக்க வெச்சிக் குடு. வேற ஒண்ணும் போடாத."

மர்சலினுக்குப் புரிந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது, அவளுக்குப் புரிந்தது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கோவிலுக்குள் தனக்கென்று செய்யாததை வாசலில் இன்னொருத்திக்காகச் செய்தாள் என் டெல்பின் அக்கா. அந்த நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"சோம்பு இல்ல ஆன்ட்டி, குந்துர்!"

ரொனால்டு பின்னாலேயே நின்றிருக்கிறான். சிரித்துக்கொண்டு முன்னால் வந்தான். "அம்மா தப்பா சொல்றாங்க. உங்க பொண்ணு நம்பர் எங்கிட்ட கீது, வாட்ஸ்அப்புல எல்லாத்தையும் அனுப்புறேன். எவ்ளோ போடணும், எப்ப குடுக்கணும், எல்லாம்." அங்கேயே போனை எடுத்து அனுப்பினான். மர்சலின் பிடித்த கையை மெதுவாக விட்டாள். "சரிப்பா," என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

ரொனால்டு போனைச் சட்டைப்பையில் போட்டான். அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தான். சிரிப்புப் போய், அவன் கண்ணில் உண்மையான கவலை வந்தது.

"தினமும் உங்கையால குடுக்குற மருந்து பேரே மறந்து போச்சாம்மா?" என்றான். "எனக்குப் பயமா கீதும்மா. நாளைலேர்ந்து அப்பாவுக்கு ஊறவெக்கிறப்ப, உனக்கும் சேத்து ஒரு டம்ளர் ஊறவெச்சிக் குடி."